பலகையில் பதினஞ்சாவது வரி

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இதை முதல்லயே சொல்லிடறேன், பின்னாடி யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். இருபத்தாறு வருஷமா பஸ் நிலையத்துல தொலைஞ்ச பொருள் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பஸ்ஸுல மறந்து வச்சுட்டுப் போற குடை, பை, ஒத்தைச் செருப்பு, ஊன்றுகோல் எல்லாம் எங்கிட்டத்தான் வந்து சேரும். ஒரு தடவை ஒரு முழுக் கதவே வந்துச்சு. கதவை எப்படிய்யா மறந்தீங்கன்னு கேட்டேன். தூங்கிட்டேங்க அப்படின்னார் அந்த ஆளு.

இப்ப சொல்லப்போறது என் அக்கா பொண்ணைப் பத்தி. ஆனா அவளைப் பத்திச் சொல்லணும்னா நான் பண்ணின ஒரு காரியத்தைச் சொல்லியே ஆகணும். வெக்கமாத்தான் இருக்கு. நினைச்சா இன்னைக்கும் உடம்பெல்லாம் கூசுது. இருந்தாலும் சொல்றேன்.

அவளுக்கு இருபத்திநாலு வயசு. ஆட்டிசம்னு டாக்டர் சொன்னப்போ நாலு வயசு. அக்கா அன்னைக்கு எங்க வீட்டு சமையலறையில உக்காந்து அழுதா. நான் தண்ணி எடுத்துக் கொடுத்துட்டு, 'வளர்ந்தா சரியாயிடும்'னு சொன்னேன். என்னமோ காய்ச்சல் மாதிரி! சரியாகறதுக்கு அவகிட்ட எதுவும் கெட்டுப்போயிருக்கலைன்னு புரிய எனக்கு இருபது வருஷம் ஆச்சு. அதுவும் முழுசாப் புரியலைங்கறதுதான் இந்தக் கதையே.

போன வருஷம் எங்க நிர்வாகம் இவளை மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் சோதனை வேலை கொடுக்கறதா அறிவிச்சுது. வருஷக் கடைசியில தலைமை அலுவலகத்துல இருந்து அதிகாரி வந்து பார்த்து, சரின்னா நிரந்தரம். அக்கா போன் பண்ணினா. "உன் கண்ணுக்கு முன்னாடி இருந்தா எனக்கு நிம்மதிடி." நான் பெரிய மனசு பண்ணின மாதிரி, "அனுப்பு, நான் பார்த்துக்கறேன்"னேன்.

வந்தா. காதுக்கு மேல பெரிய நீல மூடி, பஸ் ஹாரன் சத்தம் அவளுக்கு ஆகாது. தோள்ல பை. வந்த உடனே அறையைச் சுத்திப் பார்த்தா. நாலு இரும்பு அலமாரி, கவுன்டர், நாலாவது நடைமேடையைப் பார்த்த மாதிரி வெளியில ஒரு கரும்பலகை. யாராவது ஈரக்குடையை மடிச்சு உள்ள வச்சிருப்பாங்க, அந்த மக்கல் வாசனை. "சித்தி, இங்க நூத்திப் பதிமூணு பொருள் இருக்கு. நூத்திப் பன்னெண்டுல சீட்டு இருக்கு. சீட்டு இல்லாதது நீங்க"ன்னா. சொல்லிட்டு மூக்கு நுனியை விரலால ஒரு தடவை தொட்டுக்கிட்டா. நான் அவ கையைப் பிடிச்சு இறக்கி, "மூக்கை நோண்டாதே, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க"ன்னு சொன்னேன்.

ஒரு மாசத்துல வேலை அத்தனையும் அவ கைக்குப் போயிடுச்சு. பொருள் வந்ததும் எடுத்து மூணு நிமிஷம் பார்ப்பா. திருப்பிப் பார்ப்பா, மோந்து பார்ப்பா. சீட்டு எழுதி நூல் கட்டி அலமாரியில வைப்பா. அப்புறம் வெளியில பலகையில ஒரு வரி எழுதுவா, எண் போட்டு. பதினாலு வரி கொள்ளும் பலகை. பொருளைக் கொடுத்துட்டா அந்த வரிக்கு நேரா ஒரு டிக். அழிக்கறது சனிக்கிழமைதான். ஒரு தடவை பார்த்த பொருளை அவ மறக்க மாட்டா. காவலாளி அவளுக்கு 'பூதக்கண்ணாடி'ன்னு பேரு வச்சான். கேலியாத்தான் வச்சான். அவ யோசிச்சுட்டு, "பூதக்கண்ணாடி சின்னதைப் பெருசாக் காட்டும். நான் சின்னதைச் சின்னதாவே பார்க்கறேன். ஆனா பேரு நல்லா இருக்கு, வச்சுக்கறேன்"னா. மறுபடியும் மூக்கைத் தொட்டா.

வந்த முதல் வாரத்துலயே ஒரு நாள் பலகை எழுதிட்டு உள்ள வந்து, இந்தப் பலகையைப் பத்தி எங்கிட்ட ஏதோ சொன்னா. நான் அப்ப நூல்கண்டு அனுப்பாத ஸ்டோர்காரனோட போன்ல மல்லுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். "சரி சரி, உன் இஷ்டம்"னு கையைக் காட்டினேன். அவ என்ன சொன்னான்னு நான் கேக்கவே இல்லை. அவ பேசறதுல பாதி அப்படித்தான் என் காதைத் தாண்டிப் போச்சு.

அவ எழுதறதுல சில வரி எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு நாள் பல்செட் ஒண்ணு வந்துச்சு. பலகையில எழுதியிருக்கா: 'பல்செட் ஒன்று, கீழ் வரிசை. உரியவர் சிரித்துக் காட்டத் தேவையில்லை.' நான் ஓடிப்போய் அழிச்சுட்டு, அங்க நின்ன ரெண்டு பேருகிட்ட, "அவளுக்கு அவ்வளவு விவரம் போதாதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னேன். அந்த ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுட்டு இருந்தாங்க. எனக்கு அது கேலியாத்தான் பட்டுச்சு.

இன்னொரு நாள் ஒருத்தர் குடை கிடைக்கலைன்னு கவுன்டரைத் தட்டிக் கத்தினார். பின்னாடி இருந்து அவ, "கத்தினா குடை வராது சார். மழைதான் வரும்"னா. அந்த மனுஷன் கப்புனு அடங்கிட்டார், அப்புறம் சிரிச்சுட்டார். நான் என்ன பண்ணினேன்? அதே பாட்டு. "அவளுக்கு விவரம் போதாதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க." இந்த ஒரு வாக்கியத்தை அந்த வருஷம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கேட்டா அவ எண்ணிக்கையே சொல்லுவா. நான் கேக்கப் போறதில்லை.

என்னைக் காப்பாத்தினதும் அவதான். கவுன்டர்ல நான் நிப்பேன், பொருளுக்குச் சொந்தம் கொண்டாடி ஆள் வருவாங்க. அவ பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேப்பா. 'பை ஜிப்பு என்ன நிறம்?' 'குடைக் கைப்பிடி வளைஞ்சதா, நேரா?' பதில் வந்ததும், 'ஆமா'ன்னோ 'இல்லை'ன்னோ ஒத்தை வார்த்தை. அவ 'இல்லை'ன்னு சொன்னா நான் கொடுக்க மாட்டேன். இல்லைன்னு திருப்பி அனுப்பினவங்களை ஒரு தனி நோட்டுல குறிச்சு வைப்பா, 'இல்லை நோட்டு'ன்னு அதுக்குப் பேரு. கிறுக்கறான்னு நினைச்சேன். முதல் எட்டு மாசத்துல ஒரு பொருள் கூடத் தப்பான ஆள் கைக்குப் போகலை. மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் என்ன சொல்லியிருக்கணும்? "எங்கிட்ட எவனும் வாலாட்ட முடியாது சார்"னேன். அவ பேரை எடுக்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

வருஷம் முடிஞ்சு அதிகாரி வர்றது ஒரு வியாழக்கிழமைன்னு தகவல் வந்துச்சு. அக்கா தினம் ரெண்டு தடவை போன். "கிடைச்சுடும்ல? சொல்லு, கிடைச்சுடும்ல?" எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். அவளுக்கு வேலை போயிடுமோங்கறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவளால என் பேரு கெட்டுடுமோங்கறது. ரெண்டுல எது பெருசா இருந்துச்சுன்னு கேட்டா, பொய் சொல்ல மாட்டேன், ரெண்டாவதுதான்.

புதன்கிழமை அவளுக்கு லீவு. அன்னைக்கு அவ நீச்சல் குளத்துக்குப் போவா, இடி விழுந்தாலும் போவா. நான் தனியா உக்காந்து, அதிகாரி வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை சரிபார்க்கலாம்னு பலகையையும் அலமாரியையும் ஒத்துப் பார்த்தேன். முதல் வரி: 'குடை ஒன்று, கருப்பு, எட்டுக் கம்பி.' எடுத்துப் பார்த்தா கருநீலம். ரெண்டாவது: 'தோல் பை, இரண்டு வார்.' ஒரு வார்தான் இருக்கு. மூணாவது: 'தையல் மெஷின் ஒன்று, பழுப்பு மூடி, கைப்பிடியில் சிவப்பு நூல்.' நூல் நீலம். பதினாலு வரியையும் பார்த்தேன். பதினாலும் தப்பு!

தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அடிப்பாவி, ஒரு வருஷமா இதையா எழுதிட்டு இருந்தே! ஞாபகசக்தி, பூதக்கண்ணாடின்னு ஊரே புகழ்ந்துச்சு, ஒரு வரி ஒழுங்கா இல்லையே! அதிகாரி பார்த்தா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு எனக்கு ஒரே கோபம். ஈரத்துணியை எடுத்து அத்தனையும் துடைச்சேன். சாக்பீஸ் எடுத்து, அவ எழுத்து மாதிரியே உருட்டி உருட்டி, பதினாலு வரியையும் அச்சு அசலா, உள்ளது உள்ளபடி எழுதினேன். முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. தள்ளி நின்னு பார்த்து எனக்கே திருப்தியா இருந்துச்சு.

மூணு மணி இருக்கும். நல்லா உடுத்தின ஆள் ஒருத்தர் வந்தார். பலகை முன்னாடி நின்னு படிச்சார். கவுன்டருக்கு வந்து, "தையல் மெஷின் என்னோடதுங்க. பழுப்பு மூடி, கைப்பிடியில நீல நூல் சுத்தியிருக்கும்"னார். அவ இருந்தா ஒரு கேள்வி கேட்டிருப்பா. நான் மட்டும்தான் இருந்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு, எடுத்து வச்சேன். பதிவு நோட்டுல கையெழுத்து, முகவரி எல்லாம் வாங்கினேன். நோட்டுல டிக், பலகையில டிக்.

அப்ப இன்னொண்ணும் நடந்துச்சு. அதை அப்புறம் சொல்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெக்கம்.

வியாழக்கிழமை காலையில அவ வந்தா. பலகை முன்னாடி நின்னா. நகரவே இல்லை. உள்ள வந்து காது மூடியைக் கழட்டிட்டு, "சித்தி, பலகையில இருக்கறது என் எழுத்து இல்லை. உங்க எழுத்து"ன்னா.

"ஆமாடி. நீ எழுதி வச்சிருந்த லட்சணத்துக்கு அப்படியே விட்டிருந்தா இன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. பதினாலு வரியும் தப்பு!"

"தப்பு இல்லை. ஒரு வரிக்கு ஒரு பொய். பலகையைப் படிச்சுட்டு வர்றவன் பொய்யைத் திருப்பிச் சொல்லுவான். சொந்தக்காரங்க மட்டும்தான் 'ஐயோ, சிவப்பு இல்லைங்க, நீலம்'னு என்னைத் திருத்துவாங்க. அதுக்குத்தான் நான் பின்னாடி இருந்து கேக்கறேன். முதல் வாரமே உங்ககிட்ட சொன்னேன். 'சரி சரி, உன் இஷ்டம்'னீங்க."

ஒரு வருஷமா அவ கேட்ட கேள்வியெல்லாம் வரிசையா மண்டைக்குள்ள ஓடுச்சு. ஜிப்பு என்ன நிறம், கைப்பிடி வளைஞ்சதா. இந்தச் சின்ன அறையில ஒருத்தி இவ்வளவு அழகா ஒரு வேலையைக் கட்டி வச்சிருக்கா. நான் பக்கத்துலயே நின்னு, அதுக்குக் கிடைச்ச பாராட்டையும் வாங்கிட்டு, கடைசியில ஈரத்துணியால துடைச்சுப் போட்டுட்டேன்.

அவ பலகையை எட்டிப் பார்த்தா. "மூணாவதுக்கு டிக் போட்டிருக்கு. யாரு வந்தா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வாசல்ல மேலாளர், கூடவே அதிகாரி. அவங்க பின்னாலயே மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும். கழுத்துல அளவு நாடா தொங்குது. "இங்கதாங்க வந்திருக்குன்னு சொன்னாங்க, என் மெஷின். திங்கட்கிழமை பஸ்ஸுல விட்டுட்டேன். மூணு டிப்போ அலைஞ்சுட்டேன்." கண்ணு நோட்டுப் பக்கம், அலமாரிப் பக்கம் அலையுது. "பழுப்பு மூடி. கைப்பிடி கையை அறுக்குதுன்னு நானே நீல நூல் சுத்தி வச்சேன். நாலு மாசமா வாடகை மெஷின்ல தைச்சு, இப்பத்தாங்க சொந்தமா வாங்கினேன்."

நான் நோட்டைப் பார்த்தேன். நோட்டுல என் கையெழுத்து.

அதிகாரி விஷயத்தை ரெண்டு நிமிஷத்துல பிடிச்சுட்டார். வெளியில போய்ப் பலகையைப் படிச்சார். "இது என்னம்மா இது? மூடி நிறம், நூல் நிறம், கம்பி எத்தனைன்னு எல்லாத்தையும் ரோட்டுல எழுதி வச்சிருக்கீங்க. வழியில போறவன் வந்து வாங்கிட்டுப் போயிருக்கான். பலகை எழுதறது யாரு?"

"பலகை எழுதறது என் வேலை"ன்னா அவ. "ஆனா இந்த எழுத்து..."

அவ என்னைப் பார்த்தா. நானே சொல்லட்டும்னு காத்திருந்தா. எனக்கு அந்த நேரம் கிடைச்சுது. ஒரு மூச்சு விடற நேரம்தான், ஆனா கிடைச்சுது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவளுக்கு அவ்வளவு விவரம் போதாது சார். ஏதாவது சொல்லுவா. தப்பா எடுத்துக்காதீங்க."

எத்தனையோ தடவை சொன்ன அதே வாக்கியம், நாக்குல தயாரா இருந்துச்சு போல, தானா வந்து விழுந்துச்சு. அவ பேச்சை யாராவது நடுவுல வெட்டினா அவ மறுபடி ஆரம்பிக்க மாட்டா. காது மூடியை எடுத்து மாட்டிக்கிட்டா. அதிகாரி மேலாளர்கிட்ட, "நல்ல பொண்ணுதான், ஆனா இந்த வேலைக்குச் சரிப்படாது. இந்த மாசம் முடியட்டும்"னு சொல்லிட்டு மாடிக்குப் போனார், ரிப்போர்ட் எழுத. தையல்காரப் பொண்ணையும் மேல கூட்டிட்டுப் போனாங்க, புகார் எழுதி வாங்க. போகும்போது அந்தப் பொண்ணு அழலை. அளவு நாடாவை விரல்ல சுத்தறதும் அவுக்கறதுமா போனா.

நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கலை. அவசரத்துல வாய் தவறிடுச்சு, சாயங்காலம் மேலாளர்கிட்ட தனியாப் பேசிச் சரிபண்ணிடலாம், அவளுக்கு வேற ஏதாவது பிரிவுல... இப்படி எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கிட்டேன். வெளியில வந்தா காவலாளி கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டு இருக்கான்.

"அக்கா, உங்களையும் யாரோ பஸ்ஸுல விட்டுட்டாங்க போல!"

பலகை முன்னாடி ஏழெட்டுப் பேர். பதினாலு வரி மட்டும் கொள்ளுற பலகையில, அடியில இருந்த இத்தனூண்டு இடத்துல, பொடி எழுத்துல பதினஞ்சாவதா ஒரு வரி.

'15. சித்தி ஒன்று. கண்ணாடி உண்டு. கைப்பையில் இருமல் மிட்டாய். குரல் நான்காவது நடைமேடை வரை கேட்கும். புதன்கிழமை பலகையைத் தொடவில்லை. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.'

படிச்சவங்க குரலைப் பத்தின இடத்துல சிரிச்சாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், ஒரு வரிக்கு ஒரு பொய். அந்தப் பொய் எதுன்னும் தெரியும். நடுத்தெருவுல துணியில்லாம நிக்கற மாதிரி இருந்துச்சு. துடைக்கலாம்னு ஈரத்துணியைக் கூட எடுத்துட்டேன். கை வரலை. எத்தனை வரியைத் துடைப்பேன் நான்?

உள்ள போனேன். அவ ஸ்டூல்ல உக்காந்து புதுசா வந்த ஒரு ஒத்தைச் செருப்புக்குச் சீட்டு கட்டிக்கிட்டு இருந்தா. அவ முன்னாடி நின்னேன். அவ காது மூடியை ஒரு பக்கம் விலக்கினா.

"கடைசி அடையாளம் தப்பு"ன்னு மெதுவாச் சொன்னேன். "புதன்கிழமை நான்தான் தொட்டேன். மன்னிச்சுடும்மா."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத் தெரியுமே." நூலை இழுத்து முடிச்சுப் போட்டா. "நீங்க தகராறுப் பொருள், சித்தி. தகராறுப் பொருளுக்கு அடையாளத்தை மேலாளர் முன்னாடிதான் சொல்லணும். விதி ஏழு. நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

மாடிக்கு இருபத்திரண்டு படி. அவ முன்னாடி போனா, 'இல்லை நோட்டை'க் கக்கத்துல வச்சுக்கிட்டு. நான் பின்னாடி போனேன். திரும்பிடலாமான்னு ஒரு படிக்கு ஒரு தடவை நினைச்சேன். மேலாளர் அறையில அதிகாரி எழுதிட்டு இருந்தார், தையல்காரப் பொண்ணு மூலையில நாற்காலி நுனியில உக்காந்திருந்தா.

சொன்னேன். பலகையில பொய் எதுக்குன்னு சொன்னேன், நான் துடைச்சதைச் சொன்னேன், எட்டு மாசப் பாராட்டு யாருக்குச் சேர வேண்டியதுன்னு சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழ வச்சார். "அப்ப காலையில ஏன்ம்மா சொல்லலை?" தையல்காரப் பொண்ணு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"வந்த ஆள் எப்படி இருந்தான்? என்ன பேசினான்?"னு அக்கா பொண்ணு கேட்டா. அதிகாரி கேக்கறதுக்கு முன்னாடி அவ கேட்டா.

"நல்லா உடுத்தியிருந்தான். முகம் சரியா ஞாபகம் இல்லை." நிறுத்தினேன். மிச்சம் இருந்ததையும் சொல்லித்தான் ஆகணும். "பலகையைப் பார்த்துட்டு, 'எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே, நீங்களா எழுதினீங்க?'ன்னு கேட்டான். நான் ஆமான்னேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்தக் குஷியில வேற எதுவுமே கேக்காம மெஷினைத் தூக்கிக் கொடுத்துட்டேன். டீ குடிக்கறீங்களான்னு கூடக் கேட்டேன்."

அவ 'இல்லை நோட்டை'ப் புரட்டினா. வேகமா இல்லை, நேரா அந்தப் பக்கத்துக்குப் போனா.

"அந்த ஆளு ரெண்டு தடவை வந்திருக்கான், நீங்க சாப்பிடப் போயிருந்தப்போ. ஒரு தடவை கேமராவுக்கு, ஒரு தடவை தோல் பைக்கு. ரெண்டு தடவையும் பலகையில இருந்த பொய்யைச் சொன்னான். ரெண்டு தடவையும் எங்கிட்ட 'எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே'ன்னான். நான் 'இல்லை, சுமார்தான்'னேன்." அதிகாரியைப் பார்க்காம, சுவரைப் பார்த்துச் சொன்னா. "சட்டைப் பையில மாச பாஸ் துருத்திக்கிட்டு இருந்துச்சு. எண் எழுதி வச்சிருக்கேன்."

பாஸ் பிரிவுல அந்த எண்ணுக்கு முகவரி இருந்துச்சு. பதிவு நோட்டுல எங்கிட்ட எழுதிக் கொடுத்த முகவரி இல்லை, வேற. போலீஸ் போச்சு, நாலாம் நாள் மெஷின் வந்துச்சு, ஊசி மட்டும் உடைஞ்சு. பலகையை நான் துடைக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணு நாலு நாள் தூக்கம் கெட்டிருக்க வேண்டாம்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிப்போர்ட்டை அதிகாரி அன்னைக்கே அங்கேயே கிழிச்சிருந்தார். அவளுக்கு நிரந்தர உத்தரவு அடுத்த மாசம் வந்துச்சு. எனக்கும் ஒரு காகிதம் வந்துச்சு, எச்சரிக்கைன்னு தலைப்புப் போட்டு. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. வாங்கி பீரோவுல வச்சிருக்கேன்.

அதை விட அக்காகிட்ட சொன்னதுதான் கஷ்டம். அவ திட்டலை. "வெளியில இருக்கறவங்க பேசுவாங்கன்னுதான்டி உங்கிட்ட அனுப்பினேன்"னா. வச்சுட்டா. ரெண்டு வாரம் எங்கிட்ட பேசலை.

ஆனா இதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்னைக்கு மத்தியானம் மாடியில இருந்து இறங்கி வந்ததும் நான் நேரா என் நாற்காலிக்குப் போகப் பார்த்தேன். அவ கவுன்டருக்கு உள்பக்கம் போய் நின்னுக்கிட்டு, கையைக் காட்டி என்னை வெளிப்பக்கமே நிறுத்தினா. பொருள் வாங்க வர்றவங்க நிக்கற இடத்துல. பதிவு நோட்டைத் திறந்து எண் போட்டா, பதினஞ்சு. பொருள், சித்தி. பெற்றுக்கொண்டவர், சித்தி.

"கையெழுத்து"ன்னா.

போட்டேன். எழுத்து அச்சடிச்ச மாதிரியெல்லாம் இல்லை.

கடைசிக் கட்டம் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. கொடுக்கும்போது பொருளோட நிலைமை என்னன்னு எழுதற கட்டம். அவ பேனாவை வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. குடையைப் பார்க்கற மாதிரி, பையைப் பார்க்கற மாதிரி, முழுசா மூணு நிமிஷம் பார்த்தா. நான் நின்னேன். அப்புறம் குனிஞ்சு எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினா.

'பழையது. கீறல் உண்டு. வேலை செய்கிறது.'

எழுதிட்டு மூக்கு நுனியை விரலால ஒரு தடவை தொட்டுக்கிட்டா. நான் அவ கையை இறக்கி விடலை.